பார்சல் உணவு எப்போது விசேஷமாயிற்று, எப்போது வழக்கமாயிற்று

வெளியிலிருந்து வாங்கி வந்து வீட்டில் வைத்து உண்ணும் உணவைப் பற்றிப் பேச்செடுத்தால் கூடவே ஒரு புலம்பலும் வந்து சேர்ந்துகொள்கிறது. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு நாள் பார்சல் வாங்குவோம், அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாங்குகிறோம், வாங்கியதாகவே தோன்றுவதில்லை என்பதுதான் அந்தப் புலம்பலின் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இப்படிப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்காமலே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். பார்சல் உணவு முதலில் விசேஷமாக இருந்தது, பிறகுதான் சாதாரணமாயிற்று என்பது ஒன்று. அடிக்கடி வாங்கியதுதான் அதன் விசேஷத்தைக் கெடுத்தது என்பது மற்றொன்று. முதலாவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டாவது பாதிதான் சரி.

வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், தெருவைப் பார்த்த கல்மேடையும் அதற்குள் பதித்த பெரிய மண்சாடிகளுமாக ஏறத்தாழ எண்பது உணவுக்கடைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று முழுமையாக அகழப்பட்டு 2020 டிசம்பரில் உலகுக்குக் காட்டப்பட்டது. மேடையின் முகப்பில் வாத்துகளும் ஒரு சேவலும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. உணவு வைத்த கலங்களில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் இருந்தன. அந்தக் கடைகளுக்கு வந்தவர்கள் விருந்து கொண்டாட வந்தவர்கள் அல்லர். ரோமானிய நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அதிலும் மேல்தளங்களின் சிற்றறைகளில், சமையலறை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. மரமும் செங்கல்லும் கலந்து கட்டிய கட்டடத்தில் அடுப்பு மூட்டினால் தெருவே பற்றி எரியும் அபாயம் இருந்தது. எனவே சூடான உணவு வேண்டுமென்றால் ஏழை மனிதர் படியிறங்கிக் கடைக்குப் போனார். வீட்டிலேயே சமைத்து உண்பதுதான் அங்கே வசதியின் அடையாளம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் லண்டனை வருணித்த வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த பொதுச் சமையற்கடையைப் பற்றி ஆர்வம் பொங்க எழுதியிருக்கிறார். பயணக் களைப்போடு நண்பர்கள் திடீரென வந்து நின்றால், புதிதாகப் பொருள் வாங்கிச் சமைத்து முடிக்கும் வரை அவர்களைப் பட்டினி போட வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்கு ஓடினால் எல்லாம் தயாராக இருக்கும் என்பது அவர் சொல்லும் செய்தி. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்பும், சொல்லாமல் வந்த விருந்தாளி பார்சல் வாங்குவதற்கு முதல்தரக் காரணமாக நீடிப்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். ஏறத்தாழ அதே நூற்றாண்டில், சீனாவின் வட சோங் அரசமரபின் தலைநகரான கைஃபெங் நகரில் வாழ்ந்து, அந்நகரம் 1127ஆம் ஆண்டில் வீழ்ந்தபின் தெற்கே போய்ச் சேர்ந்த ஒருவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில், வணிகம் செய்து பிழைத்த குடும்பங்கள் அவ்வப்போது கடையிலேயே உணவு வாங்கிக்கொண்டார்கள் என்றும், வீட்டில் காய்கறி வாங்கி வைக்கும் வழக்கமே அவர்களிடம் இல்லை என்றும் ஒரு வரி வருகிறது. இன்றைய பெருநகரத்து இளம் தம்பதியைப் பற்றி எழுதியதாக அந்த வரியைக் காட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஜப்பானின் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, 1657ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்து மீண்டும் எழுந்தபோது, கட்டுமான வேலைக்காகத் தனியாக வந்து குவிந்த ஆண்களை நம்பித் தெருவோர உணவுக்கடைகள் பெருகின. எண்ணெய்ச் சட்டியை வீட்டுக்குள் வைப்பது தீப்பிடிக்கக் காரணமாகும் என்பதால், பொரித்த பண்டங்கள் திறந்தவெளிக் கடைகளுக்கே உரியனவாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனின் ஆலை நகரங்களில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் பரவியதற்கும் இதையொத்த பின்னணி உண்டு. ஆணும் பெண்ணும் ஆலைக்குப் போய்த் திரும்பும் வீட்டில் அடுப்பு மூட்ட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை, பல வேளைகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் காசும் இல்லை. சமைக்கச் சோம்பல்பட்டுக் காசை வீணடிக்கிறார்கள் என்று வசதி படைத்தவர்கள் அந்தத் தொழிலாளிப் பெண்களை அப்போதே குறை கூறினார்கள். அரசின் கணக்கு வேறாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை என்று எத்தனையோ பொருள்கள் பங்கீட்டுக்குள் வந்தபோதும், இந்த உணவைப் பங்கீட்டில் சேர்க்காமல் விட்டுவைத்தார்கள். அது உழைக்கும் மக்களின் அன்றாட ஆகாரம், அதில் கைவைத்தால் நாட்டின் மனநிலையே குலையும் என்பது தெரிந்திருந்தது.

வெவ்வேறு காலத்து நகரங்கள் ஐந்து, காரணம் ஒன்றுதான். சமைக்க இடம் இல்லாதவர்கள், எரிபொருள் இல்லாதவர்கள், நேரம் இல்லாதவர்கள், வீட்டில் சமைத்துத்தர ஆள் இல்லாதவர்கள் வெளியில் வாங்கி உண்டார்கள். பார்சலைத் தேவை பெற்றெடுத்தது. கொண்டாட்டம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் விசேஷம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டில் எரிவாயு அடுப்பும் மின்சாரமும் குளிர்சாதனப் பெட்டியும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்து, வீட்டுக்கு ஒரு சமையலறை என்பதும், அந்தச் சமையலறைக்கு ஊதியமில்லாத ஓர் ஆள், பெரும்பாலும் ஒரு பெண், முழுநேரமும் உண்டு என்பதும் எழுதப்படாத விதியாகிவிட்ட பின்னர்தான் பார்சலின் பொருள் தலைகீழாக மாறியது. மூன்று வேளையும் வீட்டிலேயே சமையல் நடக்கும் குடும்பத்தில் வெளியுணவு வருவது என்றால் அன்றைக்கு அடுப்புக்கு விடுமுறை என்று பொருள். விடுமுறை என்பது வேலைநாள் இருப்பவர்களுக்கு மட்டுமே விடுமுறை. பொம்பெயியின் மாடிக் குடித்தனக்காரருக்கு அப்படி ஒன்று இல்லை, ஏனென்றால் அவரிடம் மூடிவைக்க அடுப்பே இல்லை. ஆகவே நாம் இழந்துவிட்டதாக வருந்தும் அந்த விசேஷம், நெடிய வரலாற்றின் ஓரத்தில், இரண்டு மூன்று தலைமுறைகள் மட்டுமே நீடித்த ஓர் ஏற்பாட்டின் விளைவு. அந்த ஏற்பாடே இயல்பானது அல்ல என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அமெரிக்கச் சிந்தனையாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1898ஆம் ஆண்டிலேயே, வீட்டுக்கு வீடு சமையலறை வைத்துப் பெண்களை அதில் கட்டிப்போடுவதை விட, சமையலறை இல்லாத வீடுகளைக் கட்டிச் சமையலைத் தேர்ந்த தொழிலாளர்களிடம் விட்டுவிடலாம் என்று எழுதினார். அன்றைக்கு அது விபரீதக் கற்பனையாகத் தெரிந்தது. இன்றைக்குப் பல அடுக்குமாடி வீடுகளில் அடுப்பின் மேல் படிந்திருக்கும் தூசி அவருடைய கட்சியில் நிற்கிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மக்கள் எவ்வளவு அடிக்கடி பார்சல் உணவு உண்கிறார்கள் என்ற கேள்வி பார்வைக்கு எளிது. எண்ண உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். வழியில் வாங்கிய காப்பியும் ஒரு துண்டுப் பலகாரமும் கணக்கில் சேருமா? பல்பொருள் அங்காடியில் வாங்கிச் சூடுபடுத்தி உண்ணும் தயார் உணவு எந்தப் பக்கம் சேரும்? நேற்று இரவு வாங்கியதில் மிஞ்சியதை இன்று காலை உண்டால் அது ஒரு முறையா, இரண்டு முறையா? கடையிலேயே உட்கார்ந்து உண்பதையும் கட்டிக்கொண்டு போவதையும் ஒன்றாகப் போட்டு எண்ணும் ஆய்வுகளும் உண்டு, பிரித்து எண்ணும் ஆய்வுகளும் உண்டு. கேள்வியைக் கேட்கும் விதமும் விடையை மாற்றும். “நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள்” என்று கேட்டால் நினைவு ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லும். “வாரத்துக்கு எத்தனை முறை வெளியில் வாங்குகிறீர்கள்” என்று கேட்டாலோ, அவரவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமே பதிலாக வரும். என்னையே அப்படிக் கேட்டபோது மாதத்துக்கு நான்கு முறை என்று தயங்காமல் சொன்னேன். பிறகு செல்பேசியில் பழைய ஆர்டர்களைப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை.

நம்பத்தகுந்த தரவுகள் என்ன சொல்கின்றன? பிரிட்டனின் தேசிய உணவுமுறை ஆய்வில் 2008 முதல் 2012 வரை திரட்டிய விவரங்களைக் கொண்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஒரு பகுப்பாய்வில், வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டில் பார்சல் உணவு உண்டவர்கள் பெரியவர்களில் 21.1 சதவீதம், குழந்தைகளில் 21.0 சதவீதம். வெளியே போய் உண்பதும் சரி, பார்சலும் சரி, 19 முதல் 29 வயது வரையிலானவர்களிடம் உச்சத்தில் இருந்தன. அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் வேறு விதமாகக் கேட்டது. 2013 முதல் 2016 வரையிலான காலத்தில், ஏதேனும் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் அன்று துரித உணவு உண்ட பெரியவர்கள் 36.6 சதவீதம். 20 முதல் 39 வயதுக்காரர்களிடம் இது 44.9 சதவீதமாகவும், அறுபதைத் தாண்டியவர்களிடம் 24.1 சதவீதமாகவும் இருந்தது. இந்த எண்ணைப் பிரிட்டனின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கூடாது. ஒன்று பார்சலை வார அளவில் எண்ணுகிறது, மற்றொன்று கடையில் உட்கார்ந்து உண்டதையும் சேர்த்து நாள் அளவில் எண்ணுகிறது. 36.6 சதவீதம் என்பதற்கு ஒவ்வொருவரும் மூன்று நாளுக்கு ஒரு முறை உண்கிறார்கள் என்றும் பொருளில்லை. தினமும் உண்பவர் சிலரும் எப்போதுமே தொடாதவர் சிலரும் சேர்ந்த கூட்டத்தின் ஒரு நாள் படம் அது.

இந்தத் தரவுகளில் என் கவனத்தை நிறுத்திய இடம் வருமானம் பற்றியது. துரித உணவு ஏழைகளின் உணவு என்ற பொதுநம்பிக்கைக்கு மாறாக, அமெரிக்க ஆய்வில் குறைந்த வருமானக் குடும்பங்களில் 31.7 சதவீதமும், நடுத்தரத்தில் 36.4 சதவீதமும், உயர் வருமானத்தில் 42.0 சதவீதமும் அன்றைய தினம் அதை உண்டிருந்தார்கள். பிரிட்டன் ஆய்வில் வசதியான வீட்டுப் பெரியவர்கள் வெளியே போய் உண்பது அதிகம். வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகள் வீட்டில் பார்சல் உண்பது அதிகம். பெரியவர்களின் பார்சல் பழக்கத்துக்கும் வசதிக்கும் தொடர்பே காணப்படவில்லை. பணம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வயது, வேலைநேரம், வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்பது, சமைக்கும் கை எது என்பது எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

இன்னொன்றும் தெரிகிறது. பிரிட்டன் ஆய்வைத் திருப்பிப் படித்தால், ஐந்தில் நான்கு பேர் வாரத்துக்கு ஒரு முறைகூடப் பார்சல் வாங்கவில்லை. இது செயலிகள் எங்கும் பரவுவதற்கு முந்தைய நிலை என்றாலும், எல்லோரும் எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற எண்ணம் அடிக்கடி வாங்கும் ஒரு சிறுபான்மையைப் பார்த்து உண்டானதோ என்று யோசிக்க இடம் தருகிறது. மறுபக்கம், அமெரிக்க வேளாண்துறையின் கணக்குப்படி அந்நாட்டு மக்கள் உணவுக்குச் செலவிடும் பணத்தில் வீட்டுக்கு வெளியே தயாரான உணவின் பங்கு 2010களில் பாதியைக் கடந்துவிட்டது. 2020ஆம் ஆண்டில் சற்று இறங்கி, பிறகு மீண்டும் ஏறியது. நாடும் அளவீடும் வேறு என்றாலும், எண்ணிக்கையில் சிறுபான்மை, பணத்தில் பாதி என்ற இந்த முரண் உண்மையில் முரண் அல்ல. சமைத்த உணவில் பொருளின் விலையோடு கூலியும் வாடகையும் சேர்ந்திருப்பதால், ஒரு வேளை வெளியுணவின் செலவு பல வேளை வீட்டுணவின் செலவுக்கு நிகராகிறது.

அடிக்கடி கிடைப்பது சலித்துவிடும் என்பதற்கு உளவியலில் போதிய ஆதாரம் உண்டு. நல்ல மாற்றம் எதுவானாலும் மனம் அதற்குப் பழகிப் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது என்ற கருத்தை ஃபிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்ப்பெல்லும் 1971ஆம் ஆண்டில் முன்வைத்தார்கள். ஜோர்டி குவாய்ட்பாக்கும் எலிசபெத் டன்னும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதைச் சாக்லேட்டைக் கொண்டு சோதித்தார்கள். எல்லோருக்கும் முதலில் சாக்லேட் கொடுத்தார்கள். பிறகு ஒரு குழுவை ஒரு வாரம் அதைத் தொடாமல் இருக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு நிறையக் கொடுத்து, முடிந்த மட்டும் தின்னச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. வார இறுதியில் எல்லோரும் மீண்டும் உண்டபோது, விலகியிருந்தவர்களே மற்றவர்களை விட அதிகமாக ரசித்தார்கள். இதில் நுணுக்கமான இடம் மூன்றாவது குழு. அவர்கள் அளவுமீறித் தின்றவர்கள் அல்லர். தம் போக்கில் இருந்தவர்கள். அவர்களுக்கும் ரசனை குறைந்துதான் போயிற்று. ஆக, அடிக்கடி என்பது எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. வேண்டுமென்றே விலகியிருந்த இடைவெளிதான் அங்கே வேலை செய்தது.

ஆனால் பார்சலுக்கு இந்தச் சாக்லேட் கணக்கு முழுவதும் பொருந்தாது. சாக்லேட்டின் இன்பம் நாக்கில் இருக்கிறது. பார்சலின் இன்பம் நாக்கில் இருந்தது என்று சொல்வதற்கு நான் தயங்குகிறேன், ஏனென்றால் சுவை என்ற கணக்கில் பார்த்தால் பார்சல் எப்போதுமே நட்டப்பட்ட சரக்கு. மூடிய பெட்டியைத் திறந்ததும் முதலில் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள்: முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். சூடான உணவிலிருந்து எழுந்த ஆவி வெளியேற வழியில்லாமல் மூடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக உணவின்மேலேயே திரும்ப விழுகிறது. மொறுமொறுப்பு என்பது மேற்பரப்பில் நீர் இல்லாத நிலை. பொரித்த பண்டம் சட்டியிலிருந்து இறங்கிய நொடியில் அந்த நிலையின் உச்சத்தில் இருக்கிறது, பெட்டிக்குள் போனதும் உள்ளிருக்கும் ஈரமும் மேலிருந்து விழும் ஈரமும் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் அதைத் துவளவைத்துவிடுகின்றன. மாவுப்பண்டம் ஆற ஆற அதன் மாவுச்சத்து இறுகி, மென்மை போய் ரப்பர் போலாகிறது. குழம்பு வகையும் வேகவைத்த பண்டமும் பயணத்தைத் தாங்கும், பொரித்ததும் வாட்டியதும் தாங்காது. கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பெட்டியில் துளை போடுவதும், சாற்றைத் தனியாகக் கட்டித் தருவதும், தாங்காத பண்டத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதும் அதனால்தான். இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வந்துசேர்வது, கடையில் உண்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதன் இரண்டாம் தரமே. அதையே ஒரு காலத்தில் விழாவாகக் கொண்டாடினோம் என்றால், கொண்டாடியது உணவை அல்ல.

எதை என்று கேட்டால், அதைச் சுற்றி நடந்த காரியங்களை என்பேன். இன்றைக்குப் பார்சல் என்று முடிவாகும்போதே பாதி விசேஷம் நடந்துவிடும். யாருக்கு என்ன என்று ஒருவர் காகிதத்தில் எழுதுவார். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காது. கடை ஒன்றுதான், செலவுக்கும் வரம்பு உண்டு. ஆகவே விட்டுக்கொடுத்தலும் பேரமும் முணுமுணுப்பும் இருக்கும். ஒருவர் கிளம்பிப் போவார். மற்றவர்கள் தட்டுகளை எடுத்துவைத்துவிட்டு வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும் உரிமை யாருக்கு என்பதில்கூடப் போட்டி இருக்கும். சாப்பிடும் நேரத்தை விட எதிர்பார்க்கும் நேரம் நீளமானது. இன்பத்தின் பெரும்பகுதி அந்த நீளத்தில் இருந்தது.

செயலிகள் சுருக்கியது இந்த நீளத்தைத்தான். இணையத்தில் உணவு ஆர்டர் செய்வது புதிய காரியம் அல்ல; பீட்சா ஹட் நிறுவனம் 1994ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் பீட்சாநெட் என்ற பெயரில் அதைத் தொடங்கியது. விரைவும் புதிதல்ல. டோமினோஸ் நிறுவனம் முப்பது நிமிட வாக்குறுதியை 1970களிலேயே அறிமுகம் செய்து, விபத்துகளையும் வழக்குகளையும் சந்தித்து, 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கைவிட்டது. கைப்பேசியில் புதிதாக வந்தது முடிவெடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடையே இருந்த தூரம் மறைந்துபோனதுதான். முகவரி ஏற்கெனவே பதிந்திருக்கிறது, பணம் கொடுக்கும் வழி பதிந்திருக்கிறது, போன வாரம் வாங்கியது என்ன என்பதும் பதிந்திருக்கிறது. “மறுபடியும் இதையே” என்ற பொத்தானை அழுத்தினால் போதும். நூற்றுக்கணக்கான கடைகளின் ஆயிரக்கணக்கான பண்டங்கள் கண்முன் இருந்தும், களைத்துப்போன மனிதர் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறார். வகைமாற்றம் பசியைத் தூண்டும் என்பதை பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் 1981ஆம் ஆண்டில் காட்டியிருந்தார்கள்: ஒரு பண்டத்தை உண்டு முடித்தபின் அந்தப் பண்டத்தின் மீதான விருப்பம்தான் சரிகிறது, உண்ணாத பண்டத்தின் மீதான விருப்பம் அந்த அளவுக்குச் சரிவதில்லை. அப்படியிருந்தும், வகை என்னும் செல்வம் கையில் இருக்கும்போது தேர்வு என்னும் உழைப்பைத் தவிர்க்கவே பலரும் விரும்புகிறோம்.

இதோடு சேர்ந்து வாங்கும் காரணமும் மாறிவிட்டது. முன்பு பிறந்தநாள், தேர்வு முடிவு, மாதச் சம்பளம், நண்பர் வருகை என்று ஏதோ ஒரு நல்ல செய்தி பார்சலுக்கு முன்னால் இருக்கும். இப்போது பெரும்பாலும் அதற்கு முன்னால் இருப்பது ஒரு கெட்ட நாள்: கூட்டம் நீண்டுவிட்டது, வண்டி தாமதம், குழந்தைக்குக் காய்ச்சல், காய்கறி நறுக்கக் கை எழவில்லை. சந்தோஷத்துக்காக வாங்கியதைச் சோர்வுக்காக வாங்கத் தொடங்கினால், அதே உணவு வேறு உணர்வோடுதான் தட்டில் இறங்கும். எத்தனை முறை வாங்கினோம் என்பதை விட எதற்காக வாங்கினோம் என்பதே விசேஷத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது என் கணிப்பு. வாரம் தவறாமல் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கும் குடும்பங்களுக்கு அந்த நாள் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு முறை வந்தாலும் விசேஷமாகவே இருக்கக் காண்கிறோம். திட்டமிடாமல் மாதத்தில் இரண்டே முறை, அதுவும் சமைக்க முடியாத இயலாமையில் வாங்குபவருக்கு அந்த இரண்டும் ஒரு குற்றவுணர்வைத் தவிர வேறெதையும் விட்டுச் செல்வதில்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரும் வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு கடைகளிலிருந்து, நான்கு வேறு நேரங்களில் பொட்டலங்கள் வர முடிகிறது. பேரம் பேசத் தேவையில்லை, யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கூடி உட்காரவும் காரணமில்லை.

விலை விஷயத்தில் ஒரு விந்தை நடந்திருக்கிறது. ஒரு பொருள் பரவலாகும்போது மலிவாகும் என்பது சந்தையின் வழக்கம். பார்சல் விஷயத்தில் அது சாதாரணமானது, மலிவாகவில்லை. இடைத்தரகு நிறுவனங்கள் உணவகங்களிடம் வாங்கும் தரகுத்தொகை முப்பது சதவீதம் வரைகூடப் போனதால்தான், நியூயார்க் நகர நிர்வாகம் 2020ஆம் ஆண்டில் கொண்டுசேர்க்கும் கட்டணத்துக்குப் பதினைந்து சதவீத வரம்பு விதித்து, மறு ஆண்டு அதை நிரந்தரமாக்க முடிவெடுத்தது. அந்தத் தரகுத்தொகையைத் தாங்க உணவகம் விலையை ஏற்றும், அல்லது அளவைக் குறைக்கும். பொம்பெயியின் ஏழை வேறு வழியில்லாமல் வாங்கினார், ஆனால் அவருக்கு அது கட்டுப்படியானது. இன்றைய சோர்ந்த ஊழியருக்குச் சாதாரண நாளின் உணவுக்கு விசேஷ நாளின் விலை விழுகிறது. கசப்பு பாதி அந்த இடத்தில் உண்டாகிறது.

பார்சல் அன்றாடமாகிவிட்டால் எதையோ இழந்துவிட்டோம் என்று கட்டாயம் தோன்ற வேண்டுமா? தோன்றாத இடமும் உண்டு. சிங்கப்பூரில் தெருவோர உணவு வியாபாரிகளை 1970களிலிருந்து அரசு கட்டிய பொது உணவு மையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று அப்படிப்பட்ட மையங்கள் நூற்றுக்கும் மேல். அங்கிருந்து கட்டிக்கொண்டு போவதற்கு ஊரார் எல்லோரும் இனவேறுபாடின்றிப் பயன்படுத்தும் தனிச்சொல்லே இருக்கிறது: தாபாவ். அந்த மையங்களின் உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டில் மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே வெளியுணவு வாங்குவது குழாயில் தண்ணீர் பிடிப்பதைப் போல இயல்பான காரியம். அதை விசேஷமாக நினைத்த தலைமுறை என்று ஒன்று இல்லாததால், விசேஷம் போய்விட்டதே என்ற ஏக்கமும் இல்லை. பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: எந்தக் கடையில், எந்த வரிசையில் நின்று வாங்கினோம் என்பதில்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு மாதங்கள் எதிர்த்திசையில் ஒரு சோதனையை நடத்திக் காட்டின. உணவகங்களின் உட்கூடங்கள் மூடப்பட்டு, வெளியுலகத்தோடு மிஞ்சிய ஒரே தொடர்பு வாசலில் வந்து இறங்கும் பை என்றானபோது, அதற்கு முந்தின வாரம் வரை அலட்சியமாகப் பிரித்த அதே பொட்டலத்துக்காக மக்கள் மேசை விரிப்பு விரித்தார்கள், நல்ல தட்டுகளை எடுத்தார்கள், சிலர் உடைகூட மாற்றிக்கொண்டார்கள். பலர் முன்பை விட அடிக்கடியே வாங்கினார்கள். அடிக்கடி வாங்கியும் விசேஷம் கூடியது, ஏனென்றால் போக முடியாத ஓர் இடத்துக்கு அது மாற்றாக வந்தது.

அடுத்த முறை வீட்டில் பார்சல் என்று முடிவாகிக் கைப்பேசி கைக்குக் கை மாறும்போது கவனித்துப் பாருங்கள். ஒருவர் பத்து நிமிடம் பட்டியலை மேலும் கீழும் தள்ளுவார், இன்னொருவர் வழக்கமானதையே சொல்வார், பிள்ளைகளுக்கு விலை தெரியாது. கடைசியில் கைப்பேசி வந்துசேரும் ஒருவர் திரையைப் பார்க்காமலே “எனக்கு எதுவானாலும் சரி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் மற்ற நாள்களில் சமைப்பவர் அவராகத்தான் இருப்பார். கழுவி ஈரம் காய்ந்த மேடை, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், எட்டு மணிக்கே அணைந்துவிட்ட சமையலறை விளக்கு: அவர் ஆர்டர் செய்தது ஏற்கெனவே வந்துவிட்டது.